எட்டாம் நாள், புன்னைக்காயல்

ஆனந்தவள்ளி மதினி முப்பத்தாறு வருஷம் போலீஸில் இருந்தவள். பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் முதலில் நோட்டைத்தான் எடுப்பாள். இப்போது அறுபத்திரண்டு வயதில் அவள் போடுகிற திட்டத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை, கடற்கரையை விட்டு விலகாமல், நடந்தே.

நேர்த்திக்கடன்தான். போன வருஷம் அவள் வீட்டுக்காரர் செல்லச்சாமி அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாள். "கரையோரமாவே நடந்து வாறேன், எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன், இவரத் தந்திரு." சாமியிடம்கூட வாக்குமூலம் மாதிரி ஓட்டையில்லாமல் பேசியிருக்கிறாள்! அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

தினமும் விடியலில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து பழகினாள். எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல், எங்கே தண்ணீர், எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. எட்டாம் நாள் புன்னைக்காயல். அங்கே படகு வைத்திருக்கும் ஒருவரிடம் போனில் வழி கேட்டாள்.

"இங்க ஆறு கடல்ல சேருதும்மா. நடக்க முடியாது. ஒண்ணு படகுல ஏறணும், இல்லன்னா உள்ள போயி பாலத்துல சுத்தி வரணும். நீங்க எந்த ஊரு?"

"தென்காசி."

"அப்ப உங்க குத்தாலத்துத் தண்ணியும் இதுலதான் வருது."

மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலையடியில் பிறந்த எங்களுக்கு அருவியில் குளிக்கத் தெரியும். அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. படகில் ஏறினால் அதுவும் வண்டிதான். பாலத்துக்குப் போனால் கரை விட்டுப்போகும். எப்படியும் வாக்குத் தவறும். தவறினால் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? எந்த ரவுடிக்கும் பயப்படாதவள் இதற்குப் பயந்தாள்.

மறுநாள் காலை மதினி, அண்ணன், நான் மூவரும் குற்றாலம் போனோம். சாரல் நேரம், இரைச்சலில் காது அடைத்தது. மதினி குளிக்காமல் தள்ளி நின்று அருவியையே அண்ணாந்து பார்த்தாள். "தாயே, பொறந்ததுலேருந்து என் தலையில விழுத நீயா அங்கன போயி கடலோட நிக்கே?" என்று கைகூப்பினாள்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "ஏட்டி, நீ பாலத்து வழியா சுத்தி நட. கரையை நான் பாத்துக்கிடுதேன். படகுல ஏறி அக்கரையில போயி நிக்கேன். எனக்காவ வேண்டுனதுதான, பாதி என்னோடதா இருக்கட்டும்."

மதினி பையிலிருந்து நோட்டை எடுத்து எட்டாம் நாளை அடித்துத் திருத்தினாள்.

"நான் வாறவரைக்கும் மணல்லயே நிக்கணும். எங்கயும் போயி உக்காந்திரக் கூடாது. தூரத்துலேருந்தே எனக்குத் தெரியணும்."

"என்னட்டி தெரியணும்?"

"நீங்க இருக்கது."