பெல் கயிறும் ராத்திரி மாத்திரையும்

என் வலி எக்ஸ்ரேவுல விழாது, ரத்த டெஸ்ட்லயும் தெரியாது. அதனாலயே நாலஞ்சு வருஷம் யாரும் நம்பல. தோள்பட்டையில ஆரம்பிச்சு முதுகு, இடுப்பு, தொடை, உள்ளங்கால்னு ஊர் சுத்திக்கினு இருக்கும். ஒரு நாள் கை எரியும், மறுநாள் ரவிக்கைத் துணி உரசினாலே தோல் கூசும். போன டாக்டருங்க எல்லாம் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "ஏமீ லேதும்மா, ஒண்ணுமில்ல, டென்ஷனைக் குறைச்சுக்கோ"ன்னு அனுப்பிடுவாங்க. ஒண்ணுமில்லாததுக்கா காலையில கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கினு எழுந்திருக்கறேன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.

நான் பஸ் கண்டக்டர். திருப்பதியிலேர்ந்து வடமாலப்பேட்டை, புத்தூர் வழியா நகரிக்குப் போற ஆர்டினரி வண்டி. பொறந்ததும் நகரி, வாக்கப்பட்டதும் நகரி. வீட்ல தமிழு, பஸ்ல பாதி தமிழு பாதி தெலுங்கு, கோபம் வந்தா எது முதல்ல வருதோ அது. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம்னு ஆனதுலேர்ந்து கூட்டம் சொல்லி மாளாது. இலவசம்னாலும் ஆளுக்கு ஒரு ஜீரோ டிக்கெட் அடிச்சுக் கொடுத்தே ஆகணும். மெஷின் பட்டனை அழுத்தி அழுத்தி விரல் நுனியில ஊசி ஏத்தற மாதிரி இருக்கும்.

கடைசியா திருப்பதியில ஒரு லேடி டாக்டர் கிடைச்சாங்க. என்னைவிட வயசு கம்மி. கழுத்து, தோள், முழங்கைன்னு அங்கங்க அழுத்திப் பார்த்துட்டு, ஃபைப்ரோமயால்ஜியான்னாங்க. அந்தப் பேரை வாயில நுழைக்கவே ரெண்டு நாள் ஆச்சு. நரம்பு சின்ன வலியைக்கூட பெருசாக்கி மூளைக்குச் சொல்லுமாம், ரேடியோவை யாரோ முழுசா திருகி வெச்சுட்டுப் போன மாதிரி. நான் அழுதுட்டேன். வியாதி வந்துச்சேன்னு அழல. இவ பொய் சொல்லலன்னு ஒருத்தங்க சொன்னாங்களே, அதுக்குத்தான்.

"முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன்"னாங்க டாக்டர். "மாத்திரை ஒவ்வொண்ணும் ஏதோ கொடுக்கும், ஏதோ எடுத்துக்கும். உங்களுக்கு எது ஒத்து வருதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் போகணும்."

வீட்டுக்காரரு பவர்லூம் ஓட்டறவரு. அவருக்கு இதுல பொறுமை இல்ல. "டிப்போவுல உக்காந்து பார்க்கற வேலை கேட்டு எழுதிக் கொடு. எதுக்கு இந்த ரோதனை?"ன்னாரு. அவரு சொல்றது தப்பில்ல. ஆனா உக்காந்தாத்தான் எனக்கு இடுப்பு பூட்டிக்கும். நடந்துக்கினு, நாலு பேரைத் திட்டிக்கினு, நாலு பேருகிட்ட திட்டு வாங்கிக்கினு இருந்தா வலி கொஞ்சம் அடங்கும். அதைவிட, பதினாறு வருஷமா எனக்குன்னு இருக்கற இடம் அந்த பஸ்தான். வியாதி வந்து எறக்கி விட்டா எறங்கிடணுமா? எறங்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்.

மொதல் மாத்திரை ராத்திரி போடறது. தூக்கம் நல்லா வந்துச்சு, விடிஞ்சும் போகல. வாய் வறண்டு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். "புத்தூர், புத்தூர்"னு கத்தினா காத்துதான் வரும். கத்த முடியாத கண்டக்டரை வெச்சுக்கினு யாரு இன்னா பண்றது? ரெண்டாவது மாத்திரையில வயித்தைக் குமட்டும், வேர்த்துக் கொட்டும். காலையில ஏழு மணி பஸ்ல மீன் கூடை, பூக்கூடை, அக்குள் வாசனை எல்லாம் ஒண்ணா ஏறும்போது குமட்டலும் சேர்ந்தா கேக்கவே வேணாம். தலைவலி போய் திருகுவலி வந்த கதை.

மூணாவதுதான் நரம்புக்குன்னே கொடுத்த கேப்சூல். கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்தினாங்க. ஏத்த ஏத்த வலி எறங்குச்சு. ஒரு நாள் காலையில கட்டில் சட்டத்தைப் புடிக்காமயே எழுந்து அடுப்பாண்ட போயிட்டேன், பாதி தோசை ஊத்தினப்புறம்தான் அது ஞாபகமே வந்துச்சு. கல்யாணமான புதுசுல இருந்த உடம்பு திரும்பி வந்துட்டாப்ல அவ்வளவு சந்தோஷம்.

அதுக்கும் கூலி இருந்துச்சு. கால் வீங்குச்சு, காக்கி கோட்டுப் பட்டன் வயித்துல மூடல. சொந்தக்காரங்க, "பூசினாப்ல கீறியே, இன்னா விசேஷம்?"னு கேப்பாங்க. அதெல்லாம் போனாப் போகுது, வலி இல்லாம குண்டா இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். தலை லேசா கிறுகிறுக்கும், கம்பியைப் புடிச்சுக்குவேன். ஆனா யாருக்கு டிக்கெட் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கலன்றது நழுவ ஆரம்பிச்சுது. முன்னெல்லாம் மூஞ்சைப் பார்த்தே சொல்லிடுவேன். ஒரு அம்மா சிரிச்சுக்கினே, "மூணாவது ஜீரோ டிக்கெட்டு கொடுக்கறியே கண்டக்டரம்மா, மூணு சீட்டு காட்டு, உக்காந்துக்கறேன்"னாங்க. பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

டிரைவர் அண்ணன் சிரிக்கல. அவரு சத்தியவேடு பக்கத்து ஆளு, என்னைவிட மூத்தவரு, ஆறு வருஷமா ஒரே வண்டியில இருக்கோம். கயித்தை ஒரு தடவை இழுத்தா ஒரு பெல், வண்டி நிக்கும். ரெண்டு பெல் அடிச்சா கிளம்பும். ரெண்டு பெல் கேட்டா அவரு பின்னால பார்க்கறதே இல்ல, கியரைப் போட்டுடுவாரு. படியில யாரும் இல்லன்னு நான் சொல்றேன், அவரு நம்பறாரு. எங்க பொழைப்பே அதுலதான் ஓடுது.

அந்த மாசம் ரெண்டு பெல்லுக்கும் வண்டி நகர்றதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வந்துச்சு. ரொம்ப இல்ல, ஒரு மூச்சு. மொதல்ல வண்டி பழசு, கியர் விழலன்னு நினைச்சேன். அப்பறம் தினம் அப்படியே. எனக்குக் கோபம் பொத்துக்கினு வந்துச்சு. நகரி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போது கேட்டுட்டேன்.

"இன்னா அண்ணா, என் பெல்லு காதுல விழலியா?"

"விழுதும்மா."

"அப்பறம் எதுக்கு நின்னுக்கினே கீற?"

அவரு டீயை ஆத்திக்கினே இருந்தாரு. ஆறிப்போன டீயை இன்னும் எதுக்கு ஆத்தறாருன்னு எனக்கு எரிச்சல்.

"போன மாசம் வடமாலப்பேட்டையில வேர்க்கடலை மூட்டையோட ஒரு அம்மா எறங்கினாங்க. ஒரு கால் படியில கீது, ஒரு கால் கீழ ஊனல. நீ ரெண்டு பெல் அடிச்சுட்ட."

"நானா?"

"ஏதோ கண்ணாடியில பார்த்தேன், எடுக்கல. அப்பறமும் ரெண்டு தடவை அப்படி ஆச்சு." தலையை நிமிர்த்தாமயே சொன்னாரு. "யாருகிட்டயும் சொல்லலம்மா. ஆனா இனிமே பார்க்காம எடுக்க என்னால முடியாது."

எனக்கு அந்த அம்மா ஞாபகத்துலயே இல்ல. மூட்டை ஞாபகமில்ல, கால் ஞாபகமில்ல. அவமானமா இருந்துச்சு, அதைவிட பயம் அதிகமா இருந்துச்சு. மறந்தது தெரிஞ்சா சரி பண்ணலாம், மறந்ததே தெரியலன்னா இன்னா பண்றது? திரும்பற டிரிப்பு முழுக்க அவரு கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுத்தாரு, நானும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் கீழ எறங்கி நின்னு பார்த்துட்டுத்தான் பெல் அடிச்சேன். டிப்போவுல லீவு சொல்லிட்டு நேரா டாக்டருகிட்ட போனேன்.

கேப்சூல் அட்டையை அவங்க மேஜை மேல வெச்சு, இன்னிக்கே நிறுத்திடறேன்னேன். டாக்டர் அட்டையைத் திருப்பி என் பக்கமே தள்ளினாங்க. "டக்குனு நிறுத்தக் கூடாது, உடம்பு ஆடிப்போயிடும். கொஞ்சங்கொஞ்சமா குறைக்கலாம். ஆனா குறைச்சா வலி ஏறும், அதையும் சொல்லிடறேன். எவ்வளவு வலி இருந்தா உங்களால தாங்க முடியும்?"

இத்தனை வருஷத்துல யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. வலி எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்காங்க, எவ்வளவு இருக்கலாம்னு கேட்டதில்ல.

"ஒரு டிரிப்பு நின்னுக்கினு போய்ட்டு வர்ற அளவுக்கு இருக்கட்டும்மா"ன்னேன். "வலிச்சா எனக்குத்தான் வலிக்கும். என் தலை கிறுகிறுத்தா அடிபடப் போறது படியில நிக்கறவங்க."

அவங்க மருந்துச் சீட்டை எடுத்து எழுதினாங்க. அப்பறம், ராத்திரிக்கு மட்டும் சின்ன டோஸ், தினம் நடை, வெந்நீர் ஒத்தடம், நேரத்துக்குத் தூக்கம்னு சொன்னாங்க. புத்தி தெளியற வரைக்கும் டூட்டி கிடையாது. தெளியலன்னா உக்கார்ற வேலைக்கு நானே எழுதிக் கொடுத்துடுவேன்னாங்க. நியாயம்தானே.

குறைச்ச வாரங்களைப் பத்திப் பேசறதுக்கு ஒண்ணுமில்ல. வேர்த்துச்சு, தூக்கம் கெட்டுச்சு, வலி பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி ஒவ்வொரு இடமா வந்து உக்காந்துச்சு. மறுபடியும் கட்டில் சட்டம். வீட்டுக்காரரு வாயைத் திறக்க வந்தாரு, என் மூஞ்சைப் பார்த்துட்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் வெக்கப் போயிட்டாரு. தறிச் சத்தத்துக்கு நடுவுல தெருவுல நடந்தேன். மொதல்ல முக்கு வரைக்கும், அப்பறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

நடந்து போன ஒரு நாள் எங்க வண்டி நின்னுக்கினு இருந்துச்சு, ஏறிட்டேன். எனக்குப் பதிலா வந்த பையன் பெல் அடிச்சுக்கினு இருந்தான். படிக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து, ஒவ்வொரு ஸ்டாப்லயும் எறங்கறவங்க காலைப் பார்த்து, மனசுக்குள்ள பெல் அடிச்சேன். இப்போ. இப்போ இல்ல. இப்போ. புத்தூர் வரைக்கும் ஒண்ணும் தப்பல. நம்பிக்கை வரல, அதனால மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன். டிரைவர் அண்ணன் பார்த்தாரு, ஏன் வந்தேன்னு கேக்கல. டாக்டருகிட்ட இதைச் சொன்னப்ப அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பறம் அவங்க பங்குக்கு நிக்க வெச்சு, நடக்க வெச்சு, கேள்வி மேல கேள்வி கேட்டுப் பார்த்துட்டுத்தான் டூட்டிக்குப் போகச் சொன்னாங்க.

டூட்டிக்குத் திரும்பின மொதல் நாள் புத்தூர்ல கூட்டம் பிதுங்குச்சு. இடுப்புல கொழந்தையோட ஒரு பொண்ணு எறங்கறா, முந்தானை படியில யாரு செருப்புலயோ மாட்டிக்கிச்சு. பின்னால இருந்து, "ரைட், ரைட், போலாம்"னு கத்தறாங்க. கயித்தைப் புடிச்ச கையை மேலயே வெச்சிருந்தேன். தோள்பட்டையிலேர்ந்து விரல் வரைக்கும் நெருப்பு வெச்சாப்ல எரிஞ்சுது. கத்தறவன் கத்தட்டும்னு நின்னேன். முந்தானை வந்துச்சு. ஒரு கால் ஊனினா, அப்பறம் இன்னொரு கால். ரெண்டும் தரையில பட்டதை என் கண்ணால பார்த்துட்டு ரெண்டு பெல் அடிச்சேன்.