மணி பிளாண்ட் இலையில் ஓர் அம்பு

நல்லூரில் நான் தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் ஓர் அக்காதான் செக்கிங், தைத்ததைச் சரிபார்ப்பவர். ஒல்லியான உருவம், சிரிக்காத முகம். இடது கை விரல்களில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் எப்போதும் வரிசையாக ஒட்டியிருக்கும். தையல் பிசகிய இடத்தில் ஒன்றை ஒட்டி, பனியனைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் அவர் மகளுக்குக் கோவையில் ஆபரேசன். கணவரை அங்கே விட்டுவிட்டு இவர் வேலைக்கு வந்திருந்தார். "அங்க சும்மா உக்காந்திருக்க என்னால ஆவாது கண்ணு" என்றார். மேஜைமேல் போன் கிடந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பனியன் மடிப்புக்குள் வைக்கும் அட்டையில் ஒரு மணி பிளாண்டை வாட்டர்கலரில் வரைந்து, வாழ்த்து அட்டையாக்கிக் கொண்டுபோயிருந்தேன்.

"பாப்பாவுக்குங்க அக்கா."

வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். கோட்டைத் தாண்டிப் பச்சை வழிந்திருந்த இலையில் ஓர் அம்பை ஒட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

போன் அடித்தது. "சரிங்க... சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். அதன்பிறகுதான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதாமா. தண்ணி கேக்கறாளாமா."

நான் அம்பை உரிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கண்ணு. கோட்டத் தாண்டி வளருது பாரு, அவ அந்த எலையத்தான் மொதல்ல பாக்கோணும்."

அம்பு ஒட்டிய எதையும் அவர் கம்பெனி வாசலைத் தாண்ட விட்டதில்லை. என் அட்டை அம்போடுதான் கோவைக்குப் போனது.