கொண்டையிலிருந்து எடுத்த ஏலக்காய்

பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. லீவு நாட்களில் கைவித்தை காட்டப் போவேன். மேடை, புகை, பெட்டிக்குள் பெண் அதெல்லாம் கிடையாது. பார்க்கிறவர் முகத்துக்கு முன்னால், உள்ளங்கைக்குள்ளேயே செய்கிற வித்தை. கல்லூரிப் பையன்களுக்கு எப்படியாவது என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். கையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்குப் பாதிக் கண் பந்தியில் இருக்கும். உத்தமபாளையத்தில் ஒரு பாய் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை மூச்சே விடவில்லை. ஆளுக்குத் தகுந்தபடி பொருளை மாற்றுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

போன ஆயுத பூஜைக்குப் போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் கூப்பிட்டார்கள். காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு அன்று அரைநாள்தான் வேலை. நான் போனபோது பூஜைக்கு முன் முகம் கழுவ வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவரும் முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு காய்கூட வெளியே போகக் கூடாதென்று தினமும் நடக்கிற சோதனை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சிரிப்பும் வந்தது, பாவிக்கு.

கிடங்குக்குள்ளேயே, மூட்டைகளுக்கு நடுவில் பூஜை முடிந்தது. பொரி கொடுத்த கையோடு வித்தை காட்ட என்னை முன்னால் நிறுத்தினார்கள். காசு, சீட்டு எல்லாம் காட்டிவிட்டு, முன்வரிசையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எழுந்திருக்கச் சொன்னேன். "என்னக்கா, கொண்டை ரொம்பக் கனமா இருக்கே?" என்று கேட்டு, கொண்டைக்குப் பின்னால் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி ஐந்து ஏலக்காய் எடுத்தேன். காலையில் நானே கடையில் வாங்கிய காய்.

ஒருத்தரும் கை தட்டவில்லை. அவள் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயா, சத்தியமா நான் எடுக்கலய்யா" என்றாள். என்னிடம் இல்லை, ஓரமாக நின்ற கிடங்கு சூப்பர்வைசரிடம்.

"வாசல்ல எங்க கண்ணுக்குத் தட்டுப்படலயே! ஏத்தா, அந்தப் பையைக் கொட்டு" என்றார் அவர்.

கொட்டினாள். தூக்குவாளி, சீப்பு, ஒரு மாத்திரை அட்டை.

"சும்மா வித்தைதான் சார்" என்றேன் நான்.

"அப்பக் காய் எங்கன இருந்து வந்துச்சு?"

என் சட்டைக்கை மடிப்பில் இன்னும் மூன்று காய் இருந்தன. கையை உதறியிருந்தால் தீர்ந்தது. நானோ, "அதான் சார் ரகசியம்" என்று பல்லைக் காட்டினேன். அத்தனை பேர் முன்னால் குட்டு உடைவதை என்னால் தாங்க முடியவில்லை. வேறு காரணம் ஏதாவது இருக்காதா என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

மறுவாரம் கிடங்கிலிருந்து என்னை ஏற்பாடு செய்தவர் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அந்தப் பொம்பளைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக. எதுக்கு வம்புன்னுதான்."

கிடங்குக்குப் போகத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டைத் தேடிப் போனேன். இப்போது விடியுமுன் ஜீப்பேறி, மலைக்கு மேலே கேரளாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாளாம். முழங்கால் வலியோடு அந்த ஏற்ற இறக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். நான் சட்டைக்கையை மடித்து, காய் எங்கே ஒளிகிறது, எப்படி விரலுக்கு இறங்குகிறது என்று மெதுவாகச் செய்து காட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தருக்கு வித்தையை உடைத்துக் காட்டினேன். அதுவே பெரிய பரிகாரம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வேறு.

முழுக்கப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இதை எனக்கு எதுக்குண்ணே காட்டுறீக? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. அங்கன போய்க் காட்டுங்க."

கிடங்கு அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊர் திரும்பத் தேனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.