இரண்டாம் எதிரி கந்தசாமி

மொழிபெயர்ப்பாளரின் வேலை என்னவென்றால், அடுத்தவன் எழுதின பச்சைப் பொய்யைக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதி, கீழே "இது சரியானது" என்று தன் கையெழுத்தை வைப்பதுதான்.

நான் இருப்பது சிட்னியில், பென்டில் ஹில்லில். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும் கடதாசிகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். சாப்பாட்டு மேசைதான் கந்தோர், ஆபீஸ் எல்லாம். பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் என்று காலம் கரைச்சல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து படிவம் நிரப்பி விரல் தேய்ந்த உங்கள் எல்லாருக்கும் நான் ஆள் ஆர் என்று இப்போது விளங்கியிருக்கும்.

பிறகு நிரூபன் வந்தான். வள்ளத்தில் வந்தவன். வந்து பத்து வருடம் தாண்டியும் தற்காலிக விசாதான். குளிரறைக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி தூக்குகிறான். அவனுடைய அக்கா யோகராணி வன்னியில் இருக்கிறாள். சண்டை முடிந்த கையோடு அவர்களுடைய தகப்பனை ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்றார்கள். விடவில்லை. அப்படி ஒரு ஆளையே தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆமி முகாமுக்கு எதிரில் ஒரு கொட்டில் போட்டு, யோகராணியும் இன்னும் சில பெண்களும் படங்களை வைத்துக்கொண்டு "எங்கே?" என்று கேட்கிறார்கள். கல் எறியவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஊரில் தேர்தலெல்லாம் நடக்கும், போஸ்டர் ஒட்டுவார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் முகாம் சொல்வதுதான் சட்டம். பொலிஸ் அதைச் சிங்களத்தில் எழுதும், கோடு, அதாவது நீதிமன்றம், அதைத் தமிழில் கட்டளையாகத் தரும். அந்தக் கடதாசிகள் நிரூபனின் போனுக்கு வரும். அவனுடைய விசா வழக்கைப் பார்க்கும் வக்கீல் கீதா, சென்னைப் பிள்ளை, கெட்டிக்காரி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டபடியால் என்னிடம் வரும்.

போக்குவரத்து நெரிசல்

முதலாவது வழக்கு, பொதுமக்களின் போக்குவரத்துக்கு இடையூறு செய்தது. பொலிஸ் அறிக்கையை வாசித்தால் ஏதோ இங்கே பரமட்டாவில் ஆபீஸ் விடுகிற நேரத்தில் றோட்டை மறித்த மாதிரி இருந்தது. "எத்தனை வாகனம் போகும் தம்பி அந்த றோட்டால?" என்று நிரூபனிடம் கேட்டேன். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ், இடையில் ஆமி ட்ரக் மட்டும்தான் என்றான். கொட்டில் இருப்பது றோட்டிலும் இல்லை, பக்கத்துக் காணிக்குள்.

எனக்கு வந்ததே விசர்! மொழிபெயர்ப்பின் அடியில் "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு" என்று போட்டு, அந்த றோட்டைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் கீதாவின் போன் வந்தது.

"மேடம், பேப்பர்ல இருக்கறத மட்டும் டிரான்ஸ்லேட் பண்ணுங்க, உங்க கோபத்தையும் சேர்த்துப் பண்ணாதீங்க."

அபாயகரமான பொருட்கள்

ஒருநாள் கொட்டிலைப் பிரித்து எறிந்துவிட்டு, கைப்பற்றிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். தலைப்பு "தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான பொருட்கள்". பிளாஸ்டிக் கதிரை மூன்று. குடை ஒன்று. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்று, பாதியளவு. நெருப்புப் பெட்டி ஒன்று. வெள்ளை நிறக் கட்டிகள் ஒரு பொதி, இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டது. அது கற்பூரம்! அந்த நாட்டில் கற்பூரம் தெரியாத பொலிஸ்காரன் இருக்கிறானா? சிரிப்பதா பல்லைக் கடிப்பதா என்று தெரியாமல் "வெள்ளை நிறக் கட்டிகள்" என்றே ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசியில் "வெற்றுச் சுடுதண்ணிப் போத்தல் ஒன்று" என்று, ஒரு பிளாஸ்கோடு முடிந்தது.

சரி பார்க்கவேண்டும் என்று யோகராணிக்கே போன் எடுத்தேன். அதுதான் நாங்கள் இருவரும் முதல்முதல் கதைத்தது. பயந்துபோயிருப்பாள், ஆறுதல் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். நான் பட்டியலை வாசிக்க வாசிக்க அவள் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியில்தான் கொதித்தாள்.

"வெற்றுப் போத்தலாமோ? அதுக்குள்ள சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி இருந்தது அக்கா, குடிச்சுப்போட்டெல்லோ எழுதியிருக்கினம்!"

ஒரேயொரு கையெழுத்து

இது சிரிக்கிற விசயம் இல்லை. மூன்று வழக்கு ஆகி, இரண்டு கிழமை விளக்கமறியல் சிறையிலும் இருந்துவிட்டு வந்த பிறகு, பொலிஸ் அவளுக்கு ஒரு பிணைமுறி நீட்டியது. "இனிமேல் எந்தக் கூட்டத்திலும் பங்குபற்றமாட்டேன்" என்று கையெழுத்து வைத்தால் எல்லா வழக்கையும் விடுவார்களாம். வைக்காவிட்டால் திரும்பவும் மறியல். எத்தனை காலத்துக்கு என்று அவர்கள்தான் முடிவெடுப்பார்கள். நிரூபன் வேலை முடிந்த கையோடு, களஞ்சியத்துத் தடித்த ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் வந்து என் மேசையில் இருந்தான். "அப்பாவைத்தான் காணேல்லை. அக்காவையும் துலைக்க ஏலாது அன்ரி. நீங்கள் சொன்னால் கேப்பா" என்றான்.

எனக்கும் அவன் சொல்வதுதான் சரியென்று பட்டது. உள்ளதைச் சொன்னால் என்ன? சிட்னியில் இருந்துகொண்டு எனக்கு என்ன வீரம்? போன் எடுத்து, பிள்ளை, ஒரு கடதாசிதானே, வைச்சுவிடு, நாலு பேர் மறந்த பிறகு பாப்பம் என்று இனிக்க இனிக்கச் சொன்னேன். யோகராணி என் பேச்சை முழுக்கக் கேட்டாள். பிறகு அவள் சொன்ன பதிலில் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான் கையெழுத்து வைச்சா 'அப்பாவைத் தேடுறதை நிப்பாட்டிட்டன்' எண்டுதானே அக்கா அர்த்தம், நீங்கள் அதை எந்தப் பாசைக்கு மாத்தினாலும் அதுதானே வரும்?"

இரண்டாம் எதிரி

கையெழுத்து வைக்காததற்குப் புதுசாக ஒரு வழக்கு வந்தது. சட்டவிரோதமாகக் கூட்டம் கூடியது. எங்கள் கோடுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்றுதான் எழுதுவார்கள். முதலாம் எதிரி: யோகராணி. இரண்டாம் எதிரி: கந்தசாமி. இரண்டு பேருக்கும் ஒரே விலாசம். கந்தசாமி ஆர்? கொட்டிலில் இருப்பதெல்லாம் பெண்கள். நான்தான் பிழையாக வாசிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று தரம் பார்த்தேன்.

பிறகுதான் பிடிபட்டது. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. அவளுடைய முழுப்பெயர் கந்தசாமி யோகராணி. பொலிஸில் எவனோ பட்டியலைப் பார்த்து எழுதும்போது, ஒருத்தியின் பெயரை இரண்டாக்கி, இரண்டு ஆளாக்கி, இரண்டு அழைப்பாணையும் எடுத்துவிட்டான். ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன மனிசனை, போன மாதம் கொட்டிலில் நின்று கோசம் போட்டார் என்று எழுதியிருக்கிறார்கள்!

நிரூபனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். களஞ்சியத்துச் சத்தத்துக்கு நடுவில் இன்னொருதரம் சொல்லச் சொன்னான். இங்கேயும் அதே கூத்துத்தான். படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் தகப்பன் பெயரை எழுதியதால், வேலையிடத்திலும் டொக்டரிடத்திலும் அவனுக்கு மிஸ்டர் கந்தசாமி என்றுதான் பெயர்.

"இஞ்ச அப்பாவின்ர பேரைக் கூப்பிடேக்க நான் ஓம் எண்டு எழும்பிப் பழகிட்டன் அன்ரி, அங்க கூப்பிட்டா ஆர் எழும்பிறது?"

வீட்டுக்கு வந்த அழைப்பாணை

அந்த அழைப்பாணை எப்படி வந்து சேர்ந்தது என்று யோகராணி பிறகு சொன்னாள். புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ்காரன் ஒருவன், இரண்டு கடதாசியோடு வாசல் படலையில் நின்று, கந்தசாமி எங்கே என்று கேட்டானாம். அவள் கடதாசியை வாங்கி வாசித்தாளாம். பிழை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டாள். பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள்.

"வெளியில போனவர் இன்னும் வரேல்லை, வந்தவுடனை குடுக்கிறன் எண்டு சொன்னனான் அக்கா."

பிடியாணை

வழக்கு நாளன்று நிரூபன் லீவு போட்டுவிட்டு எங்கள் குசினியில் வந்து இருந்தான். அங்கே காலை, இங்கே பின்னேரம். இந்தப் பிழையைக் காட்டினால் வழக்கு முழுக்க அடிபட்டுப் போகும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஊரில் அவளுக்காகப் பேசும் வக்கீலும் அதைத்தான் சொன்னாராம். ஆனால் யோகராணி அவருடைய வாயைக் கட்டிவிட்டாள். "நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், அவையே கூப்பிடட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

கூப்பிட்டார்கள். கோட்டு வாசலில் நின்று "கந்தசாமி! கந்தசாமி! கந்தசாமி!" என்று மூன்று தரம். ஒருவரும் வரவில்லை. அழைப்பாணை கிடைத்தும் எதிரி சமூகமளிக்கவில்லை, பிடியாணை வேண்டும் என்று பொலிஸே கேட்டது. அன்றைக்குக் கிடந்த வழக்குக் குவியலில் நீதவானும் கொடுத்துவிட்டார். யோகராணி பிணைமுறியில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். அவளுக்குப் பதினாலு நாள் மறியல். வக்கீல் பிடியாணையைப் படம் எடுத்து அனுப்பினார். நான் அந்த மேசையிலேயே இருந்து மாற்றினேன். "மேற்படி கந்தசாமி என்பவரை எங்கிருந்தாலும் கைதுசெய்து இம்மன்றின் முன் கொண்டுவருமாறு சகல பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கும் இத்தால் கட்டளையிடப்படுகிறது." இவ்வளவு காலமும் தகப்பன் பெயர் போட்ட ஒரு துண்டுக் கடதாசிக்காக அந்தப் பிள்ளை ஏறி இறங்காத கந்தோர் இல்லை. இப்போது முத்திரை குத்திய கட்டளையே வந்திருக்கிறது. எனக்கு எழுத்து மங்கிவிட்டது. அழுதுகொண்டுதான் ரைப் பண்ணினேன், கீதா என்ன சொன்னாலும் பரவாயில்லை.

மறியல் பஸ்ஸில் ஏற்றுமுன் வக்கீலின் போனில் யோகராணி கதைத்தாள். நிரூபன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உனக்கென்ன விசரா, இப்பவும் கையெழுத்து வைக்கலாம், எனக்கு நீயாவது வேணும் என்று கத்தி, பிறகு சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். அவள் அவனை அழவிட்டாள். பின்னால் யாரோ பெண் பொலிஸ் "ஏறு, ஏறு" என்று அவசரப்படுத்துவது கேட்டது. யோகராணியின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"அழாத தம்பி, இவ்வளவு நாளும் நாங்கள் தேடினம், இனி அவை தேடட்டும், கொண்டுவர ஏலாட்டி, எங்க விட்டனாங்கள் எண்டு அவையே கோட்டில ஏறிச் சொல்லட்டும்."

தகப்பனைத் தேடுகிற பிள்ளைமேல் வழக்கு எழுதுகிறவர்கள், தகப்பனுடைய பெயர் என்ன என்று முதலில் ஒருதரம் பார்த்துவிட்டாவது எழுதவேண்டும்.