மேசைமேல் வைத்த உப்பு

எங்கள் வீட்டில் உப்பைக் கைக்குக் கை வாங்க மாட்டோம். மரக்காணத்தில் அப்பாவுக்கு உப்பளம். மழை மாதங்கள் போக மற்ற நாளெல்லாம் உப்பிலேயே நின்றாலும், ஒருவர் நீட்டும் உப்பை நேராக வாங்கினால் இருவருக்கும் சண்டை வரும் என்பார் அம்மா. கீழே வைத்தால்தான் எடுப்போம். இந்தப் பழக்கத்தோடுதான் நான் மருத்துவம் படிக்க உக்ரைனில் உள்ள சபோரிஜியாவுக்குப் போனேன். அது தினீப்பர் ஆற்றங்கரையில் இரும்பாலைகள் நிறைந்த ஊர்.

விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒரு வீட்டில் அறை எடுத்தேன். வீட்டுக்காரம்மா தனி ஆள். இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் கதவைத் திறந்தவர் கையில் பூவேலை செய்த துண்டு, அதன்மேல் வட்ட ரொட்டி, ரொட்டியின் நடுவே சின்னக் கிண்ணத்தில் உப்பு. பிய்த்து, தொட்டுச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே வைக்கும்படி தரையைக் காட்டினேன். வாசலில் தரும் ரொட்டியையும் உப்பையும் விருந்தாளி மறுத்தால் அங்கே அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று நாள் பேசவில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை, பேசவில்லை.

நான்காம் நாள் போனில் அப்பாவின் உப்பளத்தைக் காட்டி, பாதி வாயும் பாதி கையுமாக விளக்கினேன். வெள்ளை வெளேரென்ற குவியல்களை வெகுநேரம் பார்த்தார்.

"இங்கயும் உப்பு கொட்டினா சண்டைன்னுதான் சொல்வோம்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து உப்புக் கிண்ணத்தை மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். பிறகு நான் எடுப்பேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து அணை தெரியும். அணை கட்டுவதற்கு முன்னால் ஆறு பாறைகளில் மோதி இரைந்து ஓடுமாம். அந்தப் பாறைகளுக்கு அப்பால் இருப்பது என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய சொந்தப் படையே அணையை வெடிவைத்து உடைத்தது. கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவின் பெரியம்மா அன்று கரையில் இருந்தார்.

"நம்ம ஆளுங்களே செஞ்சது. எங்கம்மா அதை வாய்விட்டுச் சொல்றதுக்குப் பல வருஷம் ஆச்சு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

படிப்பு முடியும் தறுவாயில் எங்கள் காலத்துப் போர் வந்தது. நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே எல்லையைக் கடந்து ஊர் வந்து சேர்ந்தேன். அவர் வரவில்லை. மறு வருஷம் ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறோர் அணை உடைந்து, அது சபோரிஜியா வரை தேக்கிவைத்திருந்த தண்ணீர் வடிந்துவிட்டது. அவர் வீடியோ அனுப்பினார். வெடித்த சேறு, வெள்ளையாகச் சிப்பிகள், நடுவில் ஒரு பழைய படகின் எலும்பு. அப்பா வரப்பில் நின்று பார்த்தார்.

"வெயில்ல வத்தினா இப்படி இருக்காதும்மா. யாரோ கரையை வெட்டியிருக்காங்க" என்றார். எங்கள் உப்பளத்தில் எவ்வளவு பகை இருந்தாலும் ஒருவன் பாத்தியின் வரப்பை இன்னொருவன் வெட்ட மாட்டான். போனைத் திருப்பித் தரும்போது, "அந்தம்மாவ இங்க வரச் சொல்லு. மாடி ரூமு சும்மாதான இருக்குது" என்றார்.

வாரம் தவறாமல் கூப்பிட்டேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. பால்கனியில் தக்காளி வைத்திருக்கிறேன் என்பார். கிரேனில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன பயம் என்பார். ஒருநாள் பக்கத்துக் கட்டிடத்தில் குண்டு விழுந்தது. அப்போதும் மாட்டேன் என்றார்.

"அப்ப அங்கயே கெடந்து சாவுங்க" என்று கத்திவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு பதில் இல்லை. பதினொரு நாள். பயிற்சிக்குச் சேர்ந்திருந்த மருத்துவமனையில் நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே போனைப் பார்த்தேன். கடைசியாக அவர் காதில் விழுந்தது என் வாயிலிருந்து வந்த சாவுதானோ என்று நினைத்து நினைத்து வெந்துபோனேன். உப்பைக் கையில் வாங்காமலே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஒரு படம் வந்தது. அதே சமையலறை. ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தது. மேசைமேல் ரொட்டி, உப்புக் கிண்ணம். கிண்ணம் நான் உட்காரும் பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது, என் நாற்காலிக்கு நேராக. கீழே எழுதியிருந்தார்: "வெச்சிட்டேன். வந்து எடுத்துக்கோ."

வார்டு வராந்தாவிலேயே அழுதேன். அவரை இங்கே வரச் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

"வர்றேன். அதுவரைக்கும் அதை எடுத்துடாதீங்க" என்று பதில் எழுதினேன்.