பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிரெட்டும் ஜாமும்

எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுத் தீனி வந்தாலும் அது சித்தப்பா கையால்தான் வரும். கப்பலூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. சம்பளம் வாங்கியதும் மதுரைக்குப் போய், அங்கே அப்போது எதைத் தின்பது நாகரிகமோ அதை வாங்கி வருவார். ஒருமுறை சேமியா ஐஸ் வாங்கினார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது குச்சி மட்டும். அடுத்த மாதம் தட்டில் ஆடுகிற ஜெல்லி. அதற்கடுத்த மாதம் ஜெல்லி எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப யாரு திங்கிறா" என்பார்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அக்காவைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு அரிசி மில் இருந்தது, மாடி வீடு இருந்தது, தலையில் முடிதான் இல்லை. அக்காவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அந்த இடத்தை விடக்கூடாது என்று அம்மா உறுதியாக இருந்தாள். கேசரி கிளற ரவையை வறுக்க உட்கார்ந்தவளைச் சித்தப்பா தடுத்தார்.

"கேசரியெல்லாம் பழசு மதினி. மருதையில இப்ப பிரெட்டும் ஜாமுந்தான்."

"அது காய்ச்சக்காரவுகளுக்கு வாங்குறதுல்ல தம்பி?"

எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள்தான் பிரெட் வாங்குவார்கள். அதற்காகவே நான் இரண்டு முறை காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருக்கிறேன்.

பெரியவர்கள் பேச்சில் வாய் திறக்காத அக்கா அன்று உள்ளேயிருந்து, "சித்தப்பா சொல்றதும் சரிதானம்மா" என்றாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வந்தவர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் சித்தப்பாவே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். துண்டு போட்ட பிரெட், மேலே சிவப்பாக ஜாம். மாப்பிள்ளையின் தாயார் தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஏன் தாயி, வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லங்க. இதுதான் இப்ப பேசன்" என்றார் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து அக்கா காப்பியோடு வந்தாள். தம்ளரை நீட்டும்போது இருமினாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை இருமினாள்.

"எம்புட்டு நாளா இருக்கு இது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"கொஞ்ச நாளாத்தான் அத்தை. பிரெட்டு தின்னா கேட்டுரும்" என்றாள் அக்கா, தலையைக் குனிந்துகொண்டே.

அவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை. கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்கள். கடுதாசி வரவில்லை. அம்மா இரண்டு நாள் சித்தப்பாவுக்குச் சோறு மட்டும் போட்டாள், பேசவில்லை. மிஞ்சிய பிரெட் எனக்கும் அக்காவுக்கும்தான். ஜாமை வழித்து வழித்துத் தடவி ஆளுக்கு ஆறு துண்டு தின்றோம். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தை மாதம் பசுமலையிலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வந்தார். அக்கா தையல் பழகப் போகும் பஸ்ஸில், துணைக்குப் போகும் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் விட்டுக்கொடுப்பவர். அம்மா கேசரி கிளறினாள். நெய் தெருமுனைவரை மணத்தது. இந்த முறை சித்தப்பா தடுக்கவில்லை. பிரெட்டும் அதற்குள் அவருக்குப் பழசாகிவிட்டது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

காப்பி கொடுக்க வந்த அக்கா ஒரு தடவைகூட இருமவில்லை. அன்று தின்ற ஆறு துண்டு பிரெட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.