சைலன்சர் முனைக்கு ஒரு பூச்சு

என் காரை விற்கப் போகிறார்கள் என்பது ஒரு தரகர் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "வண்டி குடுக்கறீங்கன்னு சார் சொன்னாரு. எப்ப வந்து பாக்கலாம் மேடம்?" என்றார். சாரைத் திரும்பிப் பார்த்தேன். சார், அதாவது என் கணவர், பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

போன வருடம் லஸ் முனையில் ஒரு ஆட்டோவை லேசாக உரசினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து என் வண்டியில் குறை கண்டுபிடிப்பதே அவருக்கு வேலை. டயர் தேய்ந்துவிட்டது என்பார், ஏசி சத்தம் போடுகிறது என்பார். கடைசியாக அவர் கையில் அகப்பட்டது, பின்னால் புகை வெளியேறும் சைலன்சர் முனை. கடல் காற்றில் துருப்பிடித்து அது செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. "வாலே போச்சு. வண்டி எத்தனை நாளைக்கு? குடுத்துடலாம்" என்றார்.

பேங்கில் வேலை பார்த்து நானே வாங்கிய வண்டி. அது போனால் அபிராமபுரத்திலிருந்து தி.நகருக்குப் போகக்கூட இவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்த நாடகம் என்று எனக்குச் சந்தேகம். சரி, துருதானே சாக்கு, அதை முதலில் ஒழிக்கிறேன் என்று கிளம்பினேன்.

உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா வாங்கினேன். எந்தச் சூட்டையும் தாங்கும் என்று எழுதி, பக்கத்தில் நெருப்புப் படம் வேறு போட்டிருந்தது. படம் போட்டால் நம்பிவிடுவேனா? கைப்பிடி உடைந்த பழைய தோசைக்கல்லில் அடித்து, காயவைத்து, கேஸ் அடுப்பில் ஏற்றினேன். முதலில் புகை, பிறகு நாற்றம், பிறகு அப்பளம் மாதிரி கொப்புளம். "இன்னிக்கு டிபன் இதானா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கவனிக்காமல் இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் சைலன்சருக்குப் பூச்சு அடிக்கும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "பவுடர் கோட்டிங் பளபளன்னு இருக்குமே?" என்று பட்டறைக்காரரை ஆழம் பார்த்தேன்.

"அது கேட்டுக்கு, கிரில்லுக்கு ஓகே மேடம். இந்தச் சூட்டுக்கு மஞ்சளாப் பூடும். செராமிக் அடிச்சுக்கோங்க. கருப்பாத்தான் இருக்கும், ஆனா நிக்கும்."

விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. அந்தப் பூச்சு அடித்த தகடு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து அதையும் அடுப்பில் காட்டினேன். உரியவில்லை. ஆனால் தகட்டுக்கு ஒன்று, என் வண்டிக்கு ஒன்று அடித்துவிட்டால்? முனையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். துருவை எடுப்பதிலிருந்து பூச்சு டப்பாவைத் திறப்பது வரை கண்ணை எடுக்கவில்லை. "நம்ப மாட்டீங்களா மேடம்?" என்றார். "மாட்டேன்" என்றேன்.

நன்றாகக் காயவிட்டுத்தான் கொடுத்தார். "மொத ஓட்டத்துல சூடேறித்தான் இது இறுகும். அதுவரைக்கும் கை படக்கூடாது. எது ஒட்டிக்கினு கீதோ அதோட சேந்து வெந்துடும்" என்றார்.

தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று மாட்ட வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். மறுநாள் தனியாக மகாபலிபுரத்தில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய் வருவதாக வீட்டில் அறிவித்தேன். கணவர் மறுக்காமல் தலையாட்டிவிட்டார். அதுவே எனக்கு உறுத்தியது.

போய்த் திரும்பி வந்ததும் குனிந்து பார்த்தேன். முனையின் அடிப்பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். அதன் ஓரத்தில் பூச்சு தூக்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன். "யாரோ கை வெச்சுக்கீறாங்க மேடம்" என்றார். வாட்ச்மேன் பக்கம் திரும்பினேன்.

"நான் இல்ல மேடம். சார்தான் காலீல வந்து, பின்னால குந்திகினு இன்னாவோ தடவுனாரு."

அப்படியா சங்கதி! வண்டியை விற்க இவ்வளவு தூரம் இறங்கிவிட்டாரா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையும் களவுமாகக் காட்ட வேண்டும் என்று போட்டோ எடுத்தேன். தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு வட்டத்துக்கு நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு சின்னப் புள்ளி. எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியும். சந்தனம், அதன் மேல் குங்குமம்.

கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மனிதர் இவர். போனை அவர் முன் நீட்டினேன்.

"தனியா அவ்ளோ தூரம் போறேன்னு சொன்னியே" என்றார்.

"அதுக்கு? பொட்டு வண்டிக்கு முன்னாடிதானே வைப்பாங்க?"

"முன்னாடி வெச்சா நீ பாத்துடுவே."

லஸ் முனையில் அந்த ஆட்டோவை உரசிய நாளிலிருந்து இந்த மனிதர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அதைச் சொல்லத் தெரியாமல் டயரையும் ஏசியையும் துருவையும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்ட எனக்கு இந்த ஒரு சந்தேகம் மட்டும் வரவே இல்லை.

தரகருக்குப் போன் செய்து வண்டி விற்பனைக்கு இல்லை என்று அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அடுத்த முறை கிளம்பும்போது சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"முன்னாடி நம்பர் பிளேட்டுல வைங்க. அது சூடாகாது" என்றேன். "நானும் பாக்கலாம்."